அண்மையும் சேய்மையும்

கொழும்புக்கும் டுபாய்க்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து புறப்படும் விமானம் இதனை நாலரை மணித்தியாலம் அளவில் கடந்துவிடுகின்றது. அதே கொழும்பிலிருந்து புத்தளம் மாவட்டத்து உச்சமுனைக்குச் செல்பவனோ, கற்பிட்டி வரை வீதியாற் சென்று, பின்னர் படகேறுதல் வேண்டும். அவனுக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே செல்லும். கடிகாரத்தை அளவுகோலாகக் கொண்டால் இவ்விரண்டும் கொழும்புக்குச் சமதூரத்தன எனலாம். ஆயின், மனிதருக்கு மனிதர் ஆற்றவேண்டிய கடமையையும் இவ்வளவுகோலால் அளத்தல் தகுமா?

தூரம் கடமையைக் குறைப்பதில்லை என்று பீற்றர் சிங்கர் என்னும் மெய்யியலாளர் 1972இல் வாதிட்டார். கிழக்கு வங்காள அகதிகளின் பசியே அவ்வாதத்தின் பின்னணி. கண்முன் உள்ளவனின் துயரையே ஒருவன் அறிவான். அறியாத துயருக்கு அவன் எங்ஙனம் பொறுப்பாவான் என்பது மறுதரப்பார் கூற்று. கடிதம் கப்பலேறி வாரக்கணக்கிற் சென்ற காலத்தில் இக்கூற்றுக்கு வலிமை இருந்தது. இன்று செய்தி நொடியிற் சேர்கின்றது. ஆளும் அரைநாளிற் சேரலாம்.

சேரலாம் என்பது எல்லோர்க்கும் உண்மையா? உச்சமுனைத் தாயொருத்தி பணிப்பெண்ணாக டுபாய் செல்கின்றாள் எனக் கொள்வோம். அருகிருக்கையில் உல்லாசப் பயணி ஒருவன். இருவர்க்கும் தூரம் ஒன்று, நேரமும் ஒன்று. அவன் ஒரு வாரத்தில் மீள்வான். அவளுக்கோ, வழக்கமான ஒப்பந்தப்படி, இரண்டாண்டுகள். கஃபாலா முறையில் அவளது வதிவிட அனுமதி வேலைகொள்வோனோடு பிணைக்கப்பட்டுள்ளது. பிள்ளை நோயுற்றால் விமானம் உண்டு, விடுப்புத்தான் இல்லை. அவளைத் தடுப்பது கடலன்று.

ஆகவே தூரம் இருவகைத்து: இயற்கை வகுத்தது ஒன்று, மனிதர் வகுத்தது மற்றொன்று. முன்னதற்கு எவரையும் குறைகூற முடியாது. பின்னதற்குப் பொறுப்பாளர் உளர். அவளே ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டாள் எனச் சிலர் கூறுவர். உழைக்க இசைந்தமை, நோயுற்ற பிள்ளையைக் காணாதிருக்க இசைந்தமை ஆகாது. மேலும், ஊரில் வேறு பிழைப்பில்லாதவளின் இசைவு முழுமையான இசைவும் ஆகாது.

எனினும் சமூகம், பிள்ளையை விட்டுச் சென்றவள் என அவளையே பழிக்கின்றது. அவள் அனுப்பும் பணத்தை வரவேற்கும் நாடு, அவள் வரமுடியாமைக்கு விடைகூற மறுக்கின்றது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவிய அரசு, அனுப்புதலை மட்டுமன்றி, வேண்டியபோது மீளும் உரிமையையும் தன் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.

கடமையின் அளவு தூரமன்று, ஆற்றலே. வரக்கூடியவன் வாராதிருந்துவிட்டுத் தூரத்தைக் காரணங் காட்டுதல் இனிப் பொருந்தாது. வரவியலாதவளை அன்பற்றவள் எனல் அதனினும் பொருந்தாது. விமானம் கடலைச் சுருக்கிவிட்டது; எஞ்சிய தூரத்தைச் சுருக்கவேண்டியவர் மனிதரே.