தாங்க வைத்தது யார்?

ஹீமோகுளோபின் 5-க்குப் பக்கத்தில். அந்த அம்மா தனியாகப் பஸ் ஏறி வந்து, ஓ.பி. வரிசையிலும் நின்றிருக்கிறார். "இத்தன மாசமும் முருகன்தான் தாங்க வெச்சான் டாக்டரம்மா" என்றார். ஒரு சஷ்டி விரதத்தைக்கூட விடவில்லையாம்.

நானும் முருகனைக் கும்பிடுகிறவள். அந்தப் பேச்சை ஒதுக்க எனக்கு மனம் வராது. தாங்கியது உண்மை, தாங்கிய விதத்தைப் பார்த்தால் கைகூப்பத்தான் தோன்றும். மாதாமாதம் கொஞ்சங்கொஞ்சமாக ரத்தம் போனதால் உடம்புக்கு அவகாசம் கிடைத்தது. சிவப்பணுக்களுக்குள் டிபிஜி என்ற பொருள் கூடி, இருக்கிற ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதாக இறக்கிவிடுகிறது. ரத்தம் நீர்த்து, குழாய்கள் விரிந்து, ஓட்டத்துக்குத் தடை குறைகிறது. இதயம் துடிப்புக்குத் துடிப்பு அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. தோலின் பங்கைக் குறைத்து மூளைக்கு அனுப்புகிறது உடம்பு. முகம் வெளுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதயத்தின் நிலைமைதான் என்னை உறுத்துவது. ஓய்வில் இருக்கும் உடம்பு, தனக்கு வரும் ஆக்சிஜனில் மொத்தத்தில் கால்பங்கைத்தான் எடுக்கிறது. தேவை வந்தால் மேலும் எடுக்கலாம். இதயத் தசையோ எப்போதுமே 70 சதவீதம்போல எடுத்துவிடுகிறது. அதற்குமேல் எடுக்க மிச்சம் அதிகமில்லை. தனக்கு வரும் ரத்த ஓட்டம் பெருகினால்தான் பிழைப்பு. வேலை கூடிய நேரத்தில் கையிருப்பு இல்லாத உறுப்பு அது.

இந்தப் பொறுமையைத் தவம் என்று சொல்லலாமா? என்னால் முடியவில்லை. விரதம் என்பது சோறு இருக்கும்போது வேண்டாமென்று வைப்பது. இருப்பதைத்தான் இறைவனுக்குப் படைக்க முடியும். அந்த அம்மாவின் உடம்பில் ரத்தம் இல்லை. இல்லாததை எப்படிப் படைப்பது? தாங்க வைத்தவன்தான் படியேறும்போது மூச்சு வாங்கவும் வைத்தான். முதலாவதை அருள் என்றால் இரண்டாவதும் அருள்தான். அதையும் கேட்டாக வேண்டும்.

ரத்தம் ஏற்றினோம், மிக மெதுவாக. செல்கள் குறைந்த இடத்தை நீர் ஏற்கெனவே நிரப்பியிருக்கும். அவசரப்பட்டால் களைத்த இதயம் திணறி நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

"அடுத்த சஷ்டிக்கு என்ன செய்ய?" என்று கேட்டார்.

"கோயிலுக்குப் போங்கம்மா, சாப்பிட்டுட்டுப் போங்க. இரும்புச்சத்து மாத்திரைய டீயோட போடாதீங்க. கர்ப்பப்பைல கட்டி இருக்கான்னு நாளைக்கே ஸ்கேன் பாத்துரலாம்."