மொய் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டிய தாள்

போன வருடம் ஆவணியில் என் அக்கா மகளுக்குத் திருத்தணியில் மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. நான் தாய்மாமன். பட்டுப்பாவாடை, மாலை, வளையல், சீர்வரிசைத் தட்டுகள் எல்லாம் என் பொறுப்பு. அதோடு யாரும் கேட்காமலே இன்னொரு வேலையையும் தலையில் போட்டுக்கொண்டேன். வந்தவர்கள் தங்கள் போனில் எடுத்த படங்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்க்கிற வேலை.

யோசனை என்னுடையது இல்லை. என்னோடு ஒரே டீமில் வேலை பார்க்கிற ஒருவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார், யூதர். அவர் மகனுக்குப் பதின்மூன்று வயது நிறைந்து பார் மிட்ஸ்வா நடந்தது. காலையில் ஜெபக்கூடத்தில் பையன் தோராவிலிருந்து வாசித்தான், இரவு விருந்து. விருந்தில் மேசைக்கு மேசை ஒரு சின்ன அட்டை, அதில் ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்து அவரவர் எடுத்த படங்களை ஏற்றிவிடலாம். முன்பெல்லாம் இதுபோன்ற விசேஷங்களில் மேசைக்கு ஒரு டிஸ்போசபிள் கேமரா வைத்துவிடுவார்களாம். கூலிக்கு வந்த போட்டோகிராபருக்குச் சிக்காத முகங்கள் அதில்தான் சிக்கும் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே ஆசை வந்துவிட்டது.

எங்கள் சொந்தத்துக்கு நடுவில்தான் மாநில எல்லை போகிறது. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். பாதி உறவு நகரி, புத்தூர் பக்கம். பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழில் மஞ்சள் நீராட்டு விழா, மறுபக்கம் தெலுங்கில் ஓணி ஃபங்ஷன். இந்தக் கூட்டம் மறுபடி எப்போது ஒரே மண்டபத்தில் உட்காரும்? அதனால் அந்தத் தாளை மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். அந்த இடத்தில் நிற்காமல் யாரும் மண்டபத்தை விட்டுப் போக முடியாது.

முதல் அரை மணி நேரம் தோல்வி. நான் போட்டிருந்த ஃபார்மில் படம் ஏற்ற வேண்டுமென்றால் கூகுள் கணக்கில் நுழைய வேண்டும். நகரி மாமாவுக்குப் பாஸ்வேர்டு ஞாபகமில்லை. அவர் போனை வாங்கிக் கொடுத்த மகன் பெங்களூரில். கடைசியில் “எல்லாரும் வாட்ஸப்லயே அனுப்பிடுங்க, நான் ஏத்திக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். ராத்திரிக்குள் அறுநூற்றுச் சொச்சம் படங்கள். அதை ஒரு ஃபோல்டரில் போட்டு, லிங்க்கைக் குடும்ப குரூப்பில் தட்டிவிட்டு, “யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்” என்று ஒரு வரியும் எழுதினேன். நல்ல காரியம் செய்த களைப்போடு தூங்கினேன்.

உண்மையிலேயே நல்ல படங்கள். ஸ்டூடியோக்காரர் மேடையை விட்டு இறங்கவே இல்லை. அவர் ஆல்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரி நின்று ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். விருந்தாளிகளின் போனில்தான் மண்டபம் இருந்தது. பந்தியில் இலைக்கு முன்னால் தூங்கிப்போன குழந்தை, ஜெனரேட்டர் பக்கத்தில் பீடி பிடிக்கிற நாதஸ்வரக்காரர், பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு சித்தப்பாக்கள் ஒரே தூணில் சாய்ந்து நிற்பது. அப்புறம் என் அம்மா. அம்மாவைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினால் முகம் கல்லாகிவிடும். எங்கள் வீட்டில் அவர் சிரிக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. நலுங்கு வைக்கும்போது யாரோ பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு படத்தில் அம்மா வாய் திறந்து சிரிக்கிறார், பேத்தியின் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

அந்தப் படத்தில் பேத்தி அழுகிறாள். முதலில் பார்த்தபோது அது என் கண்ணில் படவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து பெருமையோடு காட்டினேன். அவள் ஏழாம் வகுப்பு. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “மாமா, இதெல்லாம் யார் யார்கிட்ட இருக்கு?”

அந்த வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஞாயிறு இரவு நான் போட்ட ஃபோல்டரிலிருந்து ஒரு உறவுக்காரர் ஒரு படத்தை எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். “அடுத்து கல்யாணச் சாப்பாடு எப்போ?” என்று கீழே ஒரு வரி. அவருக்கு அது வாழ்த்துதான். அவர் போனில் நம்பர் வைத்திருக்கிற யாரோ ஒருவரின் பிள்ளை இவள் வகுப்பு. ஸ்டேட்டஸ் இருபத்துநாலு மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும் என்கிறார்கள். ஸ்க்ரீன்ஷாட் மறையாது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் அந்த வரியைச் சொல்லியே அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். படத்தை எடுத்தவர் ஒருவர், வைத்தவர் ஒருவர். இரண்டு பேருக்கும் நடுவில் பாலம் போட்டவன் நான்.

அவள் பார்வையில் அடுத்த கேள்வி ரொம்ப எளிமையானது: “அழிச்சிடலாமா?”

இங்கேதான் எனக்குத் தத்துவம் எல்லாம் வர ஆரம்பித்தது. குற்றவுணர்வு வந்தால் எனக்கு அப்படித்தான்.

மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் எழுதினவருக்கு, அவர் வீட்டு விசேஷத்தில் ஆயிரத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். கொடுத்தவர், ஊர், தொகை எல்லாம் ஒரே வரியில் இருக்கும். கணக்கு யாரோடு யாருக்கு என்பதில் சந்தேகமே வராது. படத்துக்கு அப்படி ஒரு வரி போட முடியவில்லை. எடுத்தவர் தன் படம் என்கிறார். சேர்த்தவன் எங்கள் வீட்டு விசேஷம் என்கிறேன். படத்தில் இருக்கிறவளுக்கு இந்த நோட்டில் எழுத இடமே இல்லை. மொய்க்கும் படத்துக்கும் ஒரே மேசையைக் கொடுத்தபோது, வந்தவர்கள் எங்களுக்கு எதையோ தருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் தந்தது அவளை. அவர்களிடம் அவள் ஏற்கெனவே இருந்தாள்.

பெரியம்மாவுக்கு போன் செய்து அவர் வைத்திருந்த படங்களை அழிக்கச் சொன்னபோது சண்டை வந்தது. “நம்ம வீட்டுப் பொண்ணுடா. பாக்கத்தானே கூப்ட்டீங்க? பாத்ததை வச்சுக்கக் கூடாதா?” சாதாரணமான வாதம் இல்லை இது. சடங்கே காட்டுவதற்காக நடப்பது. ஊரைக் கூட்டி, மேடை போட்டு, விளக்கு போட்டு உட்காரவைத்துவிட்டு, படத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதே என்றால் யாருக்கும் கோபம் வரும். (சடங்கே எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அக்காவிடம் கேட்டேன். இருபது வருடமாக ஊரெல்லாம் எழுதின மொய் திரும்பி வர வேண்டும், அம்மாவுக்கு ஆசை, நீ உன் வேலையைப் பார் என்றாள். பார்த்தேன்.)

ஆனால் பெரியம்மா பார்த்தது பெரியம்மாவோடு வீட்டுக்குப் போகிறது. நாள் போகப்போக அதில் பாதி மறந்து, மீதியில் பாசம் ஏறிவிடும். “அன்னிக்கு எவ்ளோ அழகா இருந்தா” என்பதுதான் கடைசியில் நிற்கும். போனில் இருக்கிற படத்தில் அப்படி எதுவும் ஏறாது. அழுகிறவள் அழுதுகொண்டே இருப்பாள். பெரியம்மாவை அறியாத ஆட்களிடமும் போவாள்.

இன்னொரு வாதத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது: “சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்?” நாங்கள்தான் இரண்டு மொழியில் பத்திரிகை அடித்து அவள் பெரியவளாகிவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னோம். சொல்லி ஆறு நாள்கூட ஆகவில்லை. பெரியவளாக முதன்முதலில் ஒன்றைக் கேட்கிறாள், உடனே மறுபடி சின்னப் பெண்ணாக்கிவிட்டோம்.

சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான், சம்மதம் சொல்ல வேண்டியவர் பெற்றோர். அதுவும் ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பதற்கு இந்தச் சட்டமே பொருந்தாது. பெரியம்மாவின் கேலரி சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. என் ஃபோல்டரும் வீட்டு உபயோகம்தான் என்று நான் சொல்லிக்கொள்ளலாம்.

நியூ ஜெர்சிக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். விருந்தில் மட்டும்தான் அட்டை வைத்தோம், ஜெபக்கூடத்தில் படமே எடுப்பதில்லை என்றார். சபாத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர்கள் அன்று கேமராவைத் தொடமாட்டார்கள். சனிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகுதான் போன்கள் வெளியே வரும். அதாவது சடங்கு நடக்கிறபோது அந்தப் பையன் எல்லோர் முன்னாலும் வாசிக்கிறான், யார் கையிலும் கேமரா இல்லை. எங்கள் மேடையில் அவள் காலையிலிருந்து மதியம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை, பேசச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. கேமரா மட்டும் நூறு.

இதை வைத்து அவர்கள் உசத்தி, நாம் மட்டம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அங்கேயும் பெண்பிள்ளைக்கு அந்த இடம் சுலபமாகக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் முதன்முதலாக ஜெபக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் பாட் மிட்ஸ்வா நடந்த பெண் என்று ஜூடித் கப்ளானைச் சொல்கிறார்கள். 1922 மார்ச் 18, நியூயார்க், பன்னிரண்டு வயது. அப்பாவே மதகுரு. அப்படியும் அவள் வாசித்தது தோராச் சுருளிலிருந்து இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று தன் அச்சுப் புத்தகத்திலிருந்து வாசித்தாள். தள்ளி நின்றாலும் பேசியது அவள் குரல்.

கேமரா இல்லாத இடம் நமக்கும் தெரியாததில்லை. விழாவன்று விடியற்காலையில் அவளை மலைக்கு அழைத்துப்போனோம். கருவறை முன்னால் என் பக்கத்தில் நின்ற யாரும் போனை எடுக்கவில்லை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொன்னது. அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே மூலவரைப் படம் எடுக்க எங்கள் ஊரில் யாருக்கும் கை வராது. பார்ப்போம், கும்பிடுவோம், கண்ணில் வைத்துக்கொண்டு இறங்குவோம். அதே கூட்டம், அதே போன்கள், இரண்டு மணி நேரம் கழித்து மண்டபத்தில்.

சரி, அழித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரலை நீட்ட நீட்ட, இருநூற்றுக்கும் மேல் போனது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். வாட்ஸப்பில் அனுப்பினவருக்கே ‘எல்லோருக்கும் அழி’ என்பது இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல்தான் செல்லும், அது தாண்டியாயிற்று. கெஞ்சுவதைத் தவிர வழியில்லை. சிலர் அழித்தார்கள். சிலர் அழித்தேன் என்றார்கள்.

நானும் அப்படிச் சொன்னவர்களில் ஒருவன். அம்மா சிரிக்கிற படத்தில் அவள் விரல் நின்றபோது, ஃபோல்டரிலிருந்து நீக்கிவிட்டு, அன்றிரவு என் போனிலிருந்த பிரதியை வேறொரு இடத்தில் போட்டுவைத்தேன். நாளைக்கு அவளே கேட்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்பது வயதில் ஆயாவின் சிரிப்பைத் தேடப்போகிற ஒரு பெண்ணுக்காக, பன்னிரண்டு வயதுக்காரியிடம் பொய் சொன்னேன். நாற்பது வயதுக்காரி இன்னும் வரவில்லை, எதுவும் கேட்கவில்லை. அவள் பேரைச் சொல்லி எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

மாசியில் அம்மா போய்விட்டார். கடைசி டிசம்பர் 31-ல்கூட, படித் திருவிழாவுக்கு நூறு படியாவது ஏறுவேன் என்று அடம்பிடித்து ஏறினவர். காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டிலிருந்தது ஆதார் அட்டையில் முறைக்கிற அம்மா. அக்கா ஒவ்வொரு ஆல்பமாகப் புரட்டி அழுதாள். என் போனில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

பேத்தியை வெட்டிவிட்டு அம்மாவை மட்டும் ஸ்டூடியோவுக்கு அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஒரு நாள் முழுக்க அதைத்தான் யோசித்தேன். அப்புறம் மாடிக்குப் போய் அவளிடம் போனை நீட்டினேன்.

“அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே மாமா.”

“சொன்னேன்.”

ரொம்ப நேரம் பார்த்தாள். படத்தில் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். விரலால் பெரிதாக்கினது ஆயாவின் பல்லை. முன்பல்லில் ஒன்று பாதி உடைந்தது. அது தெரியக்கூடாது என்றுதான் அம்மா எந்தப் படத்திலும் சிரித்ததில்லை.

“ஆயா மட்டும் தெரியற மாதிரி வெட்டிக்கோங்க. முழுசு அம்மா போனுக்கு அனுப்புங்க, நான் வச்சுக்கறேன். உங்ககிட்ட இருக்கறத இப்பவே என் எதிர்ல அழிங்க.” அழித்தேன். “குப்பைலயும் போய் அழிங்க,” என்றாள். முப்பது நாள் அங்கேயே கிடக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

சட்டம் போட்ட படம் இப்போது அக்கா வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அம்மா சிரிக்கிறார். வலது கை முழங்கைக்குக் கீழே சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. வருகிறவர்கள் யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்பதுண்டு. அவள் கூடத்தில் இருந்தால் பதில் அவள் சொல்லட்டும் என்று நான் அவளைப் பார்ப்பேன். இதுவரை அவள் சொல்லவில்லை.