கட்டணமில்லாக் கல்விக்கு ஏழை தரும் விலை

"கட்டணமில்லை, கதவு திறந்திருக்கிறது, கற்க வராதது யார் குற்றம்?" என்று கேட்கின்றனர் சிலர். பிள்ளையை வேலைக்கு அனுப்பும் தந்தையைப் பொறுப்பற்றவன் என்று பழிக்கின்றனர். வேறு சிலரோ, "எல்லாம் தலைவிதி" என்று கூறிச் சிந்தனைக்கே தாழிட்டு விடுகின்றனர். நாம் கேட்கிறோம்: கட்டணமில்லாத கல்வி, விலையில்லாத கல்வி ஆகிவிடுமா?

பத்து வயதுச் சிறுவன் பள்ளிக்குச் சென்றால், அவன் கொண்டுவரக்கூடிய கூலி வீட்டுக்கு வராது. அவன் தங்கை பாடம் படிக்கப் போனால், கைக்குழந்தையைக் காக்க ஆளின்றித் தாயின் கூலியும் நின்றுபோகும். செல்வர் வீட்டில் படிப்புக்குச் செலவாவது பணம். ஏழை வீட்டில் செலவாவதோ அன்றைய உலைக்கு வேண்டிய அரிசி!

இந்த உண்மையை உணர்ந்ததால்தான், 1920ஆம் ஆண்டிலேயே, தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளித்தது. 1956இல் காமராசர் ஆட்சியின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு — இவை யாவும் பிச்சையல்ல, பெருந்தன்மையுமல்ல. ஏழை தனியே சுமந்த விலையில் ஒரு பகுதியைச் சமுதாயம் தன் தோளுக்கு மாற்றிக்கொண்ட செயல்கள்.

இதற்கு நேர்மாறான வழியும் காட்டப்பட்டது. 1953இல் இராசாசி ஆட்சி வகுத்த திட்டம் என்ன? பாதி நாள் பள்ளி. மீதி நாள் பெற்றோர் தொழில்! குயவன் மகனுக்குச் சக்கரம், வண்ணான் மகனுக்கு வெள்ளாவி; வக்கீல் மகனுக்கோ வழக்கம்போல் வளமான வாழ்வு! நாடே எதிர்த்தது, 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் அந்த எண்ணம் மாய்ந்ததா? பதினான்கு வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்றது 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம். அதே திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் விலக்களித்தது. வாயிற்கதவை மூடிய கையே சாளரத்தைத் திறந்து வைத்தது!

"பிள்ளையின் கூலியைக் குடித்துத் தீர்க்கும் தந்தையும் உண்டே?" எனலாம். உண்டு, மறுக்கவில்லை. அவன் குற்றவாளியே. ஆனால் தந்தையின் குற்றத்துக்குத் தண்டனை பிள்ளைக்கா? மற்றத் தந்தையரோ, பசிக்கும் படிப்புக்கும் இடையே நிறுத்தப்பட்டவர்கள். தேர்ந்துகொள்ள இயலாத நிலையில் தள்ளிவிட்டுத் தேர்ந்தது தவறென்று தீர்ப்புக் கூறுவது எந்த நீதி?

ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வி உரிமை என்று 2009ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. உரிமை என்றால், அதை அடைவதற்கான விலையை உரியவனிடமே கேட்கலாகாது. உணவும், உடையும், தாய் தந்தையர்க்குப் போதிய கூலியும் சேர்ந்ததே கல்வி.

தோழர்களே! தேநீர்க் கடையில் அமர்ந்து சமத்துவம் பற்றிக் காரசாரமாக வாதிடுகிறோம். மேசைமீது குவளையை வைத்துவிட்டுச் செல்லும் சிறுவனின் வயதை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? அவன் வீட்டில் அடுப்பெரியவும் அவன் பள்ளி செல்லவும் வழி தேடினோமா? விதியை நம்பாத நாம், விதியென விட்டுவிடுவோர் போலவே வாளாவிருந்தால், நமக்கும் அவர்க்கும் வேறுபாடு ஏது?

வாதத்தைச் சற்றே நிறுத்துவோம். முதலில் அந்தச் சிறுவனின் பெயரைக் கேட்போம்.