வேர்ச்செடியின் தலை



காட்டு ஒலிவக் கிளையை நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டுவதைப் பற்றிப் புனித பவுல் எழுதியதை, உரோமையர் திருமுகம் 11-ஆம் அதிகாரத்திலிருந்து இன்று கேட்டோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நின்றுகொண்டு ஒட்டு என்றால் என்ன என்று நான் விளக்கினால் சிரிப்பீர்கள். மாஞ்செடி ஒட்டுக் கட்டியே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வாழையின் குருத்தைத் துளியூண்டு நறுக்கிக் கண்ணாடிப் புட்டியில் வைத்தால் அது ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. திசு வளர்ப்புக் கன்றுகளை நீங்களே வாங்கி நட்டிருப்பீர்கள். மா அதற்கு இலேசில் மசிவதில்லை. வெட்டிய வாயிலிருந்து பீனால் கசிகிறது. காற்றுப் பட்டதும் கறுக்கிறது. வைத்திருக்கும் ஊட்டக்கூழும் கறுத்து, அந்தத் துண்டு தன் கசிவிலேயே சாகிறது. அதில் தப்பினாலும், திசுவுக்குள் ஒளிந்திருந்த நுண்ணுயிர்கள் புட்டியைக் கெடுத்துவிடுகின்றன. 1982-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆய்வாளர்கள் மாஞ்சூலிலிருந்து கருக்களை வளர்த்துக் காட்டினார்கள். இருந்தும், வாழைக்கன்றுபோல் வண்டி வண்டியாக மாங்கன்று இன்னும் ஆய்வகத்திலிருந்து இறங்கவில்லை. கத்தியும் பாலித்தீன் நாடாவும் பிடித்த உங்கள் கைதான் இன்றும் அதற்கு வேண்டும்.

புட்டிக்குள் தன்னையே கறுப்பாக்கிக்கொண்ட அதே மா, இன்னொரு வெட்டோடு சேர்த்துக் கட்டினால் மூன்று வாரத்தில் துளிர்க்கிறது. எப்படிக் கட்டுகிறீர்கள்? ஒட்டுக்குச்சியின் இலைகளைக் காம்பு விட்டு முன்கூட்டியே கிள்ளிவிடுகிறீர்கள். பிறகு அதன் அடியை ஆப்புபோலச் சீவுகிறீர்கள். வேர்ச்செடிக்கோ தலையே போகிறது. தலையை வெட்டி, நடுத்தண்டைப் பிளந்து, குச்சியைச் செருகி, பட்டைக்கு அடியிலுள்ள பச்சை ஒரு பக்கமாவது நேருக்கு நேர் பொருந்தும்படி இறுகச் சுற்றுகிறீர்கள். கவனியுங்கள், பெரிய வெட்டு வேருள்ள செடிக்குத்தான்.

பவுல் உங்கள் முறையைத் தலைகீழாக்குகிறார். நீங்கள் நாட்டு வேரில் உயர்ந்த ரகத்தை ஏற்றுகிறீர்கள். அவர் நல்ல வேரில் காட்டுக் கிளையை ஏற்றுகிறார். தெரியாமல் எழுதவில்லை, இறைவனின் இரக்கத்தைச் சொல்ல அவருக்கு அந்தத் தலைகீழ் வேண்டியிருந்தது. வந்து ஒட்டிய கிளை வேரைப் பார்த்துப் பெருமையடிக்கக் கூடாது என்று எச்சரிக்கிறார். நம் பங்கிலோ பெருமையடிப்பது வேர்.

கம்பெனி வேலைக்காக வந்து வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்கள் ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் நிற்கின்றன. வாசகம் வாசிக்கக் கேட்டால், பாடகர் குழுவில் சேரக் கேட்டால், தேர் தூக்க முன்வந்தால், “எங்க தாத்தா கட்டுன கோயில்” என்கிறோம். அவர்கள் நம் வழக்கத்துக்கு மாறட்டும் என்று காத்திருக்கிறோம். குச்சியை மட்டும் சீவிவிட்டு, வேர்ச்செடியில் கத்தி வைக்காமல் கட்டினால் பிடிக்குமா? உங்கள் நர்சரியில் ஒருவரும் அப்படிச் செய்யமாட்டீர்கள்.

ஆகவே, அடுத்த அன்பியக் கூட்டம் அந்த வாடகை வீடுகளில் ஒன்றில் நடக்கும். இடம் போதாவிட்டால் மொட்டைமாடி இருக்கிறது. பழைய குடும்பத்தார் நாற்காலி தூக்கி வாருங்கள். வாசகர் பட்டியலையும் இந்த வாரம் புதிதாக எழுதுகிறோம். நெடுநாள் இருந்த சில பெயர்கள் அதில் இருக்காது. கோபப்படுகிறவர்கள் திருப்பலி முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள், டீ போட்டு வைக்கிறேன்.