எது களை?

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் ஆச்சரியப்படுவது என் புத்தக அலமாரியைப் பார்த்து அல்ல. கொல்லையில் இருக்கும் மண்ணைப் பார்த்துத்தான். மயிலாப்பூரில் மண் தரை அபூர்வ வஸ்துவாகிவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் மாடி மேல் மாடியாக எழும்பி, மண் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. என் தகப்பனார் விட்டுப் போன இந்த வீட்டில் மட்டும் கிணற்றடியை ஒட்டி நாலைந்து கட்டில் போடுகிற அளவுக்கு மண் மிச்சமிருக்கிறது. அதில் இரண்டு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, ஒரு கறிவேப்பிலை. இவை நாங்கள் வைத்தவை. நாங்கள் வைக்காமல் வந்தவற்றுக்குக் கணக்கில்லை.

ஐப்பசியில் இரண்டு பாட்டம் மழை பெய்தால் போதும். ஒரே வாரத்தில் தரை பச்சையாகிவிடும். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "பாம்பு வந்து குடியிருந்தால்கூடத் தெரியாது" என்பாள். அதற்கு அர்த்தம், ஆயாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது.

ஆயா என்று நான் சொல்வது, என் தாயார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் களை பிடுங்க வருகிற கிழவி. மாசத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருவாள். காலையில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் கொல்லை மழுங்கச் சிரைத்த முகம் மாதிரி ஆகிவிடும். அவள் பிடுங்குகிற விதத்தை நான் எழுதுகிற மேஜையிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். பிடுங்குவதை ஒரே குவியலாகப் போடமாட்டாள். இடப்பக்கம் ஒரு குவியல், வலப்பக்கம் ஒரு குவியல். இடது குவியல் குப்பைத் தொட்டிக்கு. வலது குவியலை மண் உதறி, சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, பழைய சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். ஆட்டுக்காக இருக்கும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் ஆடு ஏது என்று யோசித்ததில்லை.

கல்லூரியில் இரண்டு வருஷம் தாவர சாஸ்திரம் படித்தவன் நான். ஆனாலும் என் கொல்லையில் முளைத்தவற்றின் பெயர்களை அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். நெல்லிக்காயைக் கடுகாக்கி இலைக்குக் கீழே வரிசையாக ஒட்டவைத்த மாதிரி இருப்பது கீழாநெல்லி. தரையோடு படர்வது மூக்கிரட்டை. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் எங்கிருந்தோ ஒரு பூனை வந்து அதன்மேல் புரளுவதை நானே பார்த்திருக்கிறேன். மஞ்சளும் வெள்ளையுமாக ஒற்றைக் காம்பில் பூத்து, காய்ந்ததும் பஞ்சு கட்டிப் பறக்கிறதே, அது வெட்டுக்காயப் பூண்டு. நாங்கள் பையன்களாக இருந்தபோது அதன் பூவைக் கட்டை விரலால் சுண்டி எறிந்து விளையாடுவோம். தாத்தா தலைவெட்டி என்று அதற்குப் பெயர். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசம் என்று புத்தகம் சொல்கிறது. எங்கிருந்தோ வந்த செடிக்கு நம் பிள்ளைகள் எவ்வளவு உரிமையோடு ஒரு தாத்தாவைக் கொடுத்துவிட்டார்கள்!

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கப் போயிருந்தேன். தெப்பக்குளத்துச் சுவர் ஓரம் சாக்கை விரித்து ஆயா உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் கீழாநெல்லி, மூக்கிரட்டைக் கீரை, குப்பைமேனி, அருகம்புல். கட்டு 20 ரூபாய். என் எதிரிலேயே இரண்டு பேர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆயா என்னைக் கவனிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். "அட, நம் கொல்லையில் இவ்வளவு மூலிகையா!" என்று சந்தோஷம் தோன்றவில்லை. "பாவம், நாலு காசு கிடைக்கட்டும்" என்றும் தோன்றவில்லை. 'அது என்னுடையது' என்றுதான் தோன்றியது. காசு கொடுத்து ஒழிக்கச் சொன்ன பொருள், இன்னொருவர் காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்ததும் என் சொத்தாகிவிட்டது.

அடுத்த தடவை அவள் வந்தபோது, "ஆயா, கீழாநெல்லியையும் மூக்கிரட்டையையும் வச்சுட்டுப் போ, வீட்டுக்கு வேணும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீதானே தம்பி புடுங்கிப் போடச் சொன்னே? போட்டத்தான் எடுத்துக்கினு போனேன்" என்றாள். கோபமில்லை. கட்டிய கட்டுகளைச் சாக்கிலிருந்து எடுத்துத் துவைக்கிற கல்லின் மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனாள். எங்கள் வீட்டில் அதை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் வாடிக் கருகி, குப்பைத் தொட்டிக்குத்தான் போயிற்று.

களை என்றால் என்ன? அமெரிக்க அறிஞர் எமர்சன் இதற்கு ஒரு பதில் சொன்னார். இன்னும் நற்குணம் கண்டுபிடிக்கப்படாத செடிதான் களை என்பது அவர் கருத்து. கேட்க நன்றாயிருக்கிறது. இதற்கு மேல்நாட்டார் காட்டும் முதல் சாட்சி டான்டலியன். மஞ்சள் பூ, காய்ந்தால் பஞ்சு. நம் வெட்டுக்காயப் பூண்டு சேர்ந்த அதே பெரிய குடும்பம். இலையின் விளிம்பைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சிங்கப்பல் என்றார்கள். புல்தரை வைத்திருப்பவனுக்கு அது ஜென்ம சத்துரு. முட்கரண்டியும் விஷமருந்துமாக அதன் பின்னால் அலைகிறான். அதே செடியின் இளம் இலையைப் பறித்துப் பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் காப்பிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதன் வேரை வறுத்துப் பொடித்துக் குடித்திருக்கிறார்கள். சோவியத் நாட்டில் அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியைப் பயிரிட்டு ரப்பர் எடுத்தார்கள். வேரை வறுத்துக் காப்பியா என்று நாம் சிரிக்க வேண்டாம். நாம் காலையில் காப்பியில் கலந்து குடிக்கிற சிக்கரியும் டான்டலியனுக்கு நெருங்கிய உறவுதான். ஐரோப்பாவில் அது சாலையோரங்களில் தானாக முளைத்துக் கிடக்கிற செடி.

நமக்கும் சாட்சிகள் உண்டு. வருஷம் முழுவதும் நாம் காலால் மிதிக்கிற அருகம்புல்லும், ஒதுங்கிப் போகிற ஊமத்தையும், வேட்டியில் ஒட்டுகிற நாயுருவியும் பிள்ளையார் சதுர்த்தி அன்று மாட வீதிக்கு வந்து, விலை பேசி வாங்கப்பட்டு, மந்திரத்தோடு சுவாமியின் தலையில் ஏறுகின்றன. மறுநாள் பழையபடி களை.

ஆனாலும் எமர்சனின் பதில் எனக்கு இப்போது திருப்தியாயில்லை. பிரயோஜனம் தெரிந்தால் விட்டுவிடுவோம் என்றால், தெரியாவிட்டால்? பிரயோஜனம் இருப்பதாக நினைத்து, பிறகு இல்லையென்று ஆகிவிட்டால்? கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சட்காமாலைக்கு அதை அரைத்து மோரில் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். 1988ல் சென்னையைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய கூட்டாளிகளும், ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து, இங்கிலாந்தின் லான்செட் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தக் கிருமியைச் சுமந்திருந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொய் மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகம் ஒரு கணம் நம் கொல்லையைத் திரும்பிப் பார்த்தது. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லி இந்த உயர்வையும் தாழ்வையும் அறியாமல், அடுத்த ஐப்பசியிலும் அதே இடத்தில் முளைத்தது. மாறினதெல்லாம் நாம் கொடுத்த விலைதான்.

இதைக் கேட்டுவிட்டுத் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சிரிக்கலாம். "உனக்குக் கட்டில் அளவு மண். நீ எல்லாச் செடியையும் கும்பிடலாம். எனக்கு நெல் வேண்டாமா?" என்பார். நியாயமான கேள்வி. களை எடுக்காதவன் வயலில் சோறு விளையாது. பார்த்தீனியத்தையும் மறக்கக்கூடாது. 1950களின் நடுவில் புனே பக்கம் தலைகாட்டி, நாடு பூராவும் பரவிவிட்ட செடி. அதுவும் வெட்டுக்காயப் பூண்டு மாதிரி அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆனால் தொட்டவனுக்குத் தோல் தடிக்கிறது, சிலருக்கு மூச்சு இழுக்கிறது. அதைப் பிடுங்க வேண்டியதுதான்; நானும் பிடுங்குவேன். ஆகவே எல்லாம் நம் பார்வையில்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் தயாராயில்லை.

என் சங்கடம் வேறு. வயலில் களை எடுக்கிறவன் நெல்லுக்காக எடுக்கிறான். எதற்காக என்று கேட்டால் பதில் சொல்லுவான். அந்தப் பதிலைத் தாண்டி ஒரு புல்லையும் அவன் வெறுப்பதில்லை. வரப்பில் நிற்பதை விட்டுவிடுகிறான். திருவள்ளுவரும் களையெடுப்பை உவமையாகச் சொன்னது கொலை செய்யும் கொடியவர்களை அரசன் தண்டிப்பதற்குத்தான். வேலைக்கு ஆகாதவர்களை ஒழிப்பதற்கு அல்ல. நாமோ அந்த வார்த்தையைக் காரியாலயத்துக்கும் கட்சிக்கும் கொண்டுபோய்விட்டோம். ஐம்பது வயதானவனை வேலையிலிருந்து அனுப்புவதற்கும் களையெடுப்பு என்று பெயர் வைக்கிறோம். வீட்டுக்குள்ளும் கொண்டு வந்துவிட்டோம் என்பது போன மாசம் தெரிந்தது.

ஆயா வந்துவிட்டுப் போன சாயங்காலம் என் மனைவி கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாதி அப்படியே நிற்கிறது. அவளுக்குக் கண் தெரியவில்லை, உட்கார்ந்து எழுந்திருக்கவும் முடியவில்லை. இனிமேல் பிரயோஜனமில்லை. மிஷின் வைத்துக்கொண்டு ஒரு பையன் வருகிறானாம், அரை மணியில் முடித்துவிடுவானாம்" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குடும்பம் நடத்துகிறவள் கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நானும் "ஆமாம்" என்றுதான் முதலில் சொன்னேன். பிறகுதான் அந்தப் 'பிரயோஜனம்' என்ற சொல் காதில் தங்கிற்று. இரண்டு குவியல். இடது குவியல் எது, வலது குவியல் எது என்று இப்போது தீர்மானிக்கிறவன் நான்.

நான் பெரிய தர்மம் ஒன்றும் செய்துவிடவில்லை. கிணற்றடி மூலையைச் சும்மா விட்டுவிடுவது என்றும், மற்ற இடத்தை முடிந்த அளவு ஆயா பார்க்கட்டும், முடியாததை நான் பார்த்துக்கொள்வது என்றும், கூலி பழைய கூலி என்றும் மனைவியிடம் சொன்னேன். "நீங்கள் களை பிடுங்குவதை நானும் பார்க்கத்தானே போகிறேன்" என்றாள். அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. ஆயாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "சாக்கு கொண்ணாரட்டுமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டாள். "கொண்டு வா" என்றேன். என் முகத்தை அவள் சரியாகப் பார்க்க முடியாதது அன்று எனக்குச் சௌகரியமாயிருந்தது.

இன்று காலை அவளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நானும் பிடுங்கினேன். பத்து நிமிஷத்தில் இடுப்பு வலித்தது. பெயர் தெரியாத ஒரு சின்னச் செடி கையில் வந்தது. "இது எதுக்கு ஆகும் ஆயா?" என்றேன். அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், முகர்ந்தாள். "ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்றாள்.

எந்தக் குவியலில் போடுவது என்று தெரியாமல் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அதன் வேரில் மண் ஒட்டியிருந்தது. பிறகு கிணற்றடி மூலையில் ஈரமாக ஓர் இடம் பார்த்து ஊன்றிவிட்டு வந்தேன். பிழைக்குமோ, பிழைக்காதோ.