மலை சரிந்தால் பழி யாருக்கு?

கேரளத்தின் விதுராவைத் தாண்டி மேலேறும் சாலை போனக்காட்டில் முடிகிறது. 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு நடப்பவர்கள் புறப்படும் இடம் இது. மலையுச்சியில் இருக்கும் அகத்தியரைத் தொழச் சிலர் வருகிறார்கள். பேய் உலவுவதாகச் சொல்லப்படும் துரை பங்களாவைப் பார்க்க வேறு சிலர் வருகிறார்கள். அந்தப் பேயைப் பற்றிய பயம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. தேயிலைத் தோட்டம் நொடித்துப் போன பிறகும் பழைய லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள், மழைக்காலத்தில் கூரையைப் பார்த்தபடி படுக்கும் பயம் அவ்வளவு தூரம் போவதில்லை.

அந்தக் கூரை போன்ற ஆபத்தைக் கையாளக் கட்டுமானத்தில் நான்கு வழிகளைச் சொல்வார்கள்: தவிர்ப்பது, குறைப்பது, பிறர்மேல் மாற்றுவது, ஏற்றுக்கொள்வது. முதல் மூன்றும் பொறியியலுக்கும் கணக்குப் பிரிவுக்கும் உரியவை. நான்காவது அறத்துக்கு உரியது. ஏற்றுக்கொள்வது யார்? திட்டத்தில் கையெழுத்திட்டவரா, அந்தச் சுவருக்குள் பிள்ளைகளைத் தூங்கவைப்பவரா?

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். பலரும் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலை பறிக்கப் போன குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக்கிடந்ததால், விடிந்த பிறகுதான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. 'தலையெழுத்து' என்று அழுதவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. துக்கத்துக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது. அதே சொல் விசாரணைக் கோப்பின் முடிவுரையாகும்போதுதான் அநீதி தொடங்குகிறது.

பழி யாருக்கு என்ற கேள்வி பழையது. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாளன்று லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் நொறுங்கியது. கருணைமிக்க கடவுளின் உலகில் இது எப்படி நடக்கலாம் என்று வோல்தேர் கவிதையில் கேட்டார். மறு ஆண்டு அவருக்கு எழுதிய கடிதத்தில் ரூசோ வேறு பக்கம் கைகாட்டினார்: ஆறேழு மாடி வீடுகள் இருபதாயிரத்தை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையா?

போனக்காட்டு மலைக்கு மறுபக்கம் இருக்கும் திருநெல்வேலியிலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. 1934 ஜனவரி 15-ல் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது. ஒன்பது நாள் கழித்து நெல்லைப் பொதுக்கூட்டத்தில், தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்றார் காந்தி. தீண்டாமையைத் தாமும் வெறுத்த தாகூர், பௌதிகப் பேரழிவுக்குப் பௌதிகக் காரணமே உண்டு என்று மறுத்தார். அந்த மறுப்பைக் காந்தியே தம் 'ஹரிஜன்' இதழில் வெளியிட்டுப் பதிலும் எழுதினார்.

தாகூர் சொன்னதே சரி. பாவம் பூமியை அசைப்பதில்லை. ஆனால் அநீதிக்கும் அழிவுக்கும் தொடர்பு உண்டு என்ற காந்தியின் பதைப்பை அப்படியே தள்ளிவிட முடியாது. மண் எப்போது சரியும் என்பதை மழையும் சரிவும் தீர்மானிக்கின்றன. சரியும் இடத்தில் யார் வீடு இருக்கும் என்பதைக் கூலியும் சாதியும் நில உரிமையும் தீர்மானிக்கின்றன.

சட்டத்துக்குள்ளும் இந்தத் தத்துவச் சிக்கல் புகுந்திருக்கிறது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு தரும் கடமையை முதலாளிமேல் வைத்தது. 1981-ல் நடந்த திருத்தம், அந்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால் இழப்பீடும் தரவேண்டும் என்றது. குடியிருந்தவரின் தவறோ இயற்கைப் பேரிடரோ மட்டுமே காரணமென்றால் விலக்கு உண்டு என்றும் அது சொன்னது. ஆகவே இயற்கையின் பங்கு எங்கே முடிகிறது, மனிதனின் பங்கு எங்கே தொடங்குகிறது என்று கோடு போடாமல் அங்கே நீதி வழங்க முடியாது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு வழியைக் காட்டியது: அறிவியல் உறுதி கிடைக்கவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சூழல் சேதத்தைத் தடுக்கும் நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, தீங்கில்லை என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவருடையது. சூழலுக்காக வகுத்த அந்த நெறி, சரிவில் எழுப்பும் ஒவ்வொரு சுவருக்கும் பொருந்தவேண்டும்.

போனக்காட்டுக்கு மேலிருக்கும் பொதிகைக்கு அகத்தியர் வந்த கதை தமிழர் அறிந்தது. சிவன் திருமணத்துக்கு எல்லாரும் கயிலையில் கூடியதும் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. உலகைச் சமன்செய்யப் பொதிகைக்குப் போகும்படி இறைவன் அவரிடம் சொன்னார். திருமணத்தைக் காண முடியாதே என்று முனிவர் வருந்த, அந்தக் கோலத்தை அங்கேயே காட்டுவதாக வாக்களித்தார். சுமையின் காரணத்தைச் சொல்லி, சுமப்பவரின் இழப்பைக் கேட்டு, அதற்கு ஈடும் கொடுத்த பிறகே அனுப்பினார்.

பொதிகையின் நிழலில் லயங்களைக் கட்டியவர்கள் தொழிலாளியிடம் இந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. தோட்டம் முடங்கியதும் கூலி நின்றது. கூரையின் ஆபத்து மட்டும் தொழிலாளர்களிடமே தங்கிவிட்டது. அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் பொறியாளர் ஒருவர் லயம் லயமாகச் சுவரையும் சரிவையும் சோதித்து, கண்டதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, குடியிருப்பவர்கள் முன் வாசிக்கவேண்டும். எது பழுதுபார்க்கப்படும், யார் எங்கே இடம் மாற்றப்படுவார்கள், செலவு யாருடையது என்பதும் அதே தாளில் இருக்கவேண்டும்.