ஊர்ப்பெயர் யாருக்குச் சொந்தம்?

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற கணினி வியூக விளையாட்டு 1444 நவம்பர் 11-இல் தொடங்குகிறது. அன்று பைசாந்தியப் பேரரசின் தலைநகரம் கான்ஸ்டான்டினோப்பிள் என்ற பெயரோடு வரைபடத்தில் நிற்கிறது. உஸ்மானியர்கள் அதைப் பிடித்ததும் பெயர் துருக்கி வடிவத்துக்கு மாறிவிடுகிறது. இதைச் செய்வது சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றுதான். அதில் மாகாணத்தின் எண்ணும் அதற்கு நேராக ஒரு பெயரும் இருக்கும்; கான்ஸ்டான்டினோப்பிளின் எண் 151. நோட்பேடில் திறந்து யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால்தான் இதுபோன்ற விளையாட்டுகளைத் தங்கள் விருப்பப்படி திருத்தி ‘மாட்’ செய்பவர்களில் பலர் ஊர்ப்பெயர்களில் இவ்வளவு உழைப்பைக் கொட்டுகிறார்கள். அந்தக் கோப்பின் அமைப்புக்குள் ஒரு தத்துவ முடிவும் இருக்கிறது: ஊரை ஆள்பவர் எவரோ, பெயரும் அவருடையது. இந்த முடிவு தவறு என்பது என் வாதம். ஊர்ப்பெயர் அங்கே வாழ்ந்து பேசுகிறவர்களுடையது. மாட் செய்பவர் பெயரைக் கொடியோடு கட்டாமல் அவர்களோடு கட்ட வேண்டும்.

வரலாறு இதற்குச் சாட்சி. 1453-இல் கான்ஸ்டான்டினோப்பிள் விழுந்த பிறகும், அதற்குப் பெயர் தந்த பேரரசர் கான்ஸ்டன்டைனின் பெயர் உஸ்மானிய நாணயங்களில் கோஸ்தந்தினிய்யே என்ற வடிவில் பல நூற்றாண்டுகள் நீடித்தது. வெற்றிக்கு முன்பே மக்கள் வாயில் புழங்கிய இஸ்தான்புல்லை வெளிநாட்டவரும் பயன்படுத்த வேண்டும் என்று துருக்கி அரசு கேட்டது 1930-இல்தான். லிவிவ் நகரம் 1772-இல் ஆஸ்திரியாவின் கைக்குப் போனபோது அலுவலகக் காகிதங்களில் அது லெம்பெர்க் ஆனது; தெருவில் போலந்துக்காரர்கள் லுவூஃப் என்றும் உக்ரைனியர்கள் லிவிவ் என்றும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆட்சி மாறிய மறுநொடி வாய் மாறுவதில்லை. ஒரு பெயர் ஊரிலிருந்தே அடியோடு போன இடத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1255-இல் ஜெர்மானிய டியூட்டானிக் வீரர்கள், பொஹிமிய மன்னர் இரண்டாம் ஒட்டகாரைச் சிறப்பிக்கக் கோனிக்ஸ்பெர்க் கோட்டையைக் கட்டினார்கள். இமானுவேல் கான்ட் 1724-இல் பிறந்ததும் 1804-இல் இறந்ததும் அந்த நகரத்தில்தான். 1946-இல் சோவியத் அரசு அதற்குக் கலினின்கிராட் என்று பெயரிட்டது. ஆணை மட்டும் அந்த மாற்றத்தைச் செய்துவிடவில்லை. போரில் தப்பி எஞ்சிய ஜெர்மானியர்கள் சில ஆண்டுகளுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். சோவியத் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். பழைய பெயரைச் சொல்லும் வாய்களே அங்கே இல்லாமல் போயின. வெற்றி பெற்றதும் பெயரைப் புரட்டிப் போடும் விளையாட்டு, இப்படிப்பட்ட மாற்றத்துக்கு மனிதர்கள் கொடுத்த விலையை மறைத்துவிடுகிறது.

பெயர் வெறும் இடுகுறிதானே, எதைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தர்க்க நூலில், டார்ட் ஆற்றின் முகத்துவாரம் இடம் மாறிவிட்டாலும் டார்ட்டின் முகத்துவாரம் என்று பொருள்படும் டார்ட்மவுத் நகரத்தின் பெயர் மாற வேண்டியதில்லை என்று காட்டினார். ஊர்ப்பெயர் காரணப்பெயராகப் பிறந்தாலும் நாளடைவில் இடுகுறியாகவே நிலைத்துவிடுகிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு வழக்கத்தால் ஏற்பட்டது என்று இந்தியத் தத்துவத்தின் நியாய மரபும் சொல்கிறது. இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் வழக்கம் என்றால் அதை வழங்குகிறவர்கள் வேண்டும். பெயரைத் தாங்குவது ஆற்றின் போக்கும் இல்லை, மன்னனின் முத்திரையும் இல்லை என்றால், மிஞ்சுவது பேசுகிற மக்கள் கூட்டம்தான். இடுகுறி என்ற வாதம் என் பக்கமே வந்து சேர்கிறது.

ஆடுபவர் அரசனின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவர் பார்ப்பது அரசனின் வரைபடம் என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதில் உண்மை உண்டு. ஆனால் அதே விளையாட்டு ஒவ்வொரு மாகாணத்துக்கும் உடையவரிடமிருந்து தனியாக ஒரு பண்பாட்டையும் மதத்தையும் குறித்து வைத்திருக்கிறது. பிடித்த மண்ணில் குடிகள் வேறு மொழி பேசுவார்கள், அதனால் கலகம் வரும் என்று அரசனுக்கே தெரிவிக்கிற விளையாட்டு, பெயரில் மட்டும் அவர்களைக் காணாமல் ஆக்க வேண்டிய அவசியம் என்ன? மாகாணத்தின் பெயரை மாற்றும் கட்டளையும் மாட் செய்பவர் கையில் இருக்கிறது. குடிகளின் பண்பாட்டை நிபந்தனையாக வைத்து அதை எழுதலாம். பல மொழிகள் கலந்த லிவிவ் போன்ற ஊரில் யாருடைய பெயர் என்ற சிக்கல் அதனால் முழுதும் தீராது. ஒரு மாகாணத்துக்கு ஒரு பண்பாடு என்ற கணக்கே அங்கே பொய். சிறுபான்மையின் பெயர் அமுங்கும். ஆனாலும் இந்தக் குறை, ஆள்பவருக்கே பெயரை எழுதிக்கொடுப்பதைவிடச் சிறியது.

இந்த நிலைப்பாட்டுக்குக் கடினமான சோதனை 1066-இல் தொடங்க இடம் தரும் குரூசேடர் கிங்ஸ் போன்ற விளையாட்டு. அப்போது ஒட்டகார் பிறக்கவே இல்லை. பின்னாளில் கோனிக்ஸ்பெர்க் எழுந்த குன்றில் பழம் பிரஷ்யர்களின் துவாங்ஸ்டே கோட்டை இருந்தது. அவர்களுடைய மொழி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்துவிட்டது. அந்தப் பெயரும் வென்றவர்களின் எழுத்து வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்கிறது. பேசுகிறவர்கள் இன்று இல்லை என்பதால் அதை ஒதுக்கலாமா? கூடாது. 1066-இல் அங்கே பேசியவர்கள் அவர்கள்தான். டியூட்டானிக் வீரர்கள் அந்தக் கரைக்கு வராமலே ஓர் ஆட்டம் முடிந்தால், கோனிக்ஸ்பெர்க் என்ற பெயர் அந்த உலகத்தில் தோன்றக் காரணமே இல்லை. கோப்பில் அந்த மண்ணுக்கு இயல்பாக இருக்க வேண்டிய பெயர் துவாங்ஸ்டே. ஜெர்மன் பேசுகிறவர்கள் அங்கே குடியேறினால் மட்டுமே மற்றது வரட்டும்.